ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில் கலைக்கு என்ன வேலை?

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மதிப்பெண் நிறைய வந்தால் மருத்துவம் அல்லது பொறியியல். கொஞ்சம் குறைந்தால் பி.காம். இன்னும் குறைந்தால், "ஆர்ட்ஸ்ல ஏதாவது ஒண்ணு எடுத்துக்கட்டும்". பெண் பிள்ளையாக இருந்தால் கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: "டிகிரி முடிச்சிட்டு பி.எட். போட்டுக்கலாம், பாதுகாப்பான வேலை".

இந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் தாழ்ந்து போகின்றன. ஒன்று, வரலாறு, இலக்கியம், தத்துவம், ஓவியம் போன்ற கலைப் பாடங்கள். மற்றொன்று, ஆசிரியர் பணி. மார்க் வராதவர்கள் ஒதுங்கும் இடமாகவே இரண்டையும் நாம் வைத்திருக்கிறோம். மாணவர்களின் அறிவு எப்படி வளர்கிறது என்பதையே ஆராயும் ஒரு கல்விக்கூடம் இந்த இரண்டையும் எப்படி நடத்துகிறது என்று பார்த்தால், நம் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கத் தோன்றும். அப்படிப்பட்ட ஓர் இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் மேற்படிப்புப் பள்ளி.

பட்டம் பெற்றவர்கள் மட்டும் படிக்கும் பள்ளி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஹார்வர்டு இருக்கிறது. இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் வேறு, இது வேறு. ஹார்வர்டு என்றதும் சட்டமும் மருத்துவமும் வணிக மேலாண்மையும்தான் நம்மவர்கள் நினைவுக்கு வரும். 1920ஆம் ஆண்டு அங்கே கல்வியியலுக்கென்று தனியாக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஹார்வர்டில் பெண்களுக்குப் பட்டம் வழங்கிய முதல் பள்ளி அதுதான்.

பெயரில் பள்ளி என்று இருந்தாலும் இங்கே படிப்பவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள். முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டு. அதற்கு மேல் ஆய்வுப் படிப்பு. வகுப்பறையில் சில ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள், தலைமை ஆசிரியர்கள், அருங்காட்சியகங்களில் குழந்தைகளுக்கு வழிகாட்டுபவர்கள், கல்விக் கொள்கை வகுக்க விரும்புபவர்கள், இசைக் கலைஞர்கள், நாடகம் கற்பிப்பவர்கள் எனப் பல தரப்பினரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். நம் ஊர் பி.எட். கல்லூரியைப் போல பாடத்திட்டம் எழுதப் பழக்குவதோடு இது நிற்பதில்லை. ஒரு மனிதன் எப்படிக் கற்கிறான் என்ற கேள்விதான் இங்கே எல்லாப் படிப்புக்கும் அடிப்படை.

'பூஜ்யம்' என்று பெயர் வைத்த தத்துவஞானி

1967இல் நெல்சன் குட்மேன் என்ற தத்துவப் பேராசிரியர் இந்தப் பள்ளியில் ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். அவர் தத்துவம் மட்டும் படித்தவரல்லர். இளம் வயதில் பாஸ்டனில் ஓர் ஓவியக் கூடத்தை நடத்தியவர். கலையைக் கற்பிப்பது பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய அறிவு அன்றைக்கு உலகில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் கேட்டுப் பார்த்தார். பூஜ்யம் என்பதே அவருக்குக் கிடைத்த விடை. அதையே பெயராக வைத்தார்: 'புராஜெக்ட் ஜீரோ'.

கலை என்பது உணர்ச்சி சம்பந்தப்பட்டது, அறிவு என்பது அறிவியல் சம்பந்தப்பட்டது என்ற பிரிவினையை குட்மேன் ஏற்கவில்லை. ஒரு படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் ஒரு வரைபடத்தையோ கணிதக் குறியீட்டையோ புரிந்துகொள்வதும் அறிவின் வேலைதான் என்பது அவர் கருத்து. அந்தக் குழுவில் இளம் ஆய்வாளர்களாகச் சேர்ந்த டேவிட் பெர்கின்ஸும் ஹோவர்ட் கார்ட்னரும் 1972 முதல் அதை நடத்தினார்கள்.

கார்ட்னரின் பெயர் நம் ஊர் பி.எட். மாணவர்களுக்கும் தெரிந்திருக்கும். 1983இல் வெளியான அவருடைய நூல்தான் 'பன்முக அறிவு' என்ற கோட்பாட்டை முன்வைத்தது. மொழி, கணிதம், இசை, இடவுணர்வு, உடல் இயக்கம், பிறரைப் புரிந்துகொள்ளுதல், தன்னைப் புரிந்துகொள்ளுதல் என ஏழு வகை அறிவை அவர் சொன்னார். இயற்கையை அறிதல் என்பது பின்னர் சேர்ந்தது. இதற்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் பலர் மறுத்திருக்கிறார்கள். "உங்கள் பிள்ளை எந்த வகை என்று சோதித்துச் சொல்கிறோம்" என்று காசு வாங்கும் நிறுவனங்களுக்கும் கார்ட்னரின் கோட்பாட்டுக்கும் வெகு தூரம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு 'கற்கும் பாணி' இருக்கிறது என்று சொல்லி, அதைத் தம் கோட்பாட்டோடு குழப்புவதை அவரே கண்டித்திருக்கிறார். ஒற்றை எண்ணால் ஒரு பிள்ளையின் அறிவை அளந்துவிட முடியுமா என்ற கேள்வியை உலகம் முழுவதும் ஆசிரியர்களிடையே எழுப்பியது இந்தக் கோட்பாட்டின் பயன் என்று சொல்லலாம்.

ஓவிய வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது?

லோயிஸ் ஹெட்லண்ட், எல்லன் வின்னர், ஷெர்லி வீனெமா, கிம்பர்லி ஷெரிடன் ஆகிய நான்கு பெண் ஆய்வாளர்கள், பாஸ்டன் பகுதியில் கலைக்கு முக்கியத்துவம் தரும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றார்கள். ஓவிய, சிற்ப வகுப்புகளில் ஆசிரியர்கள் என்ன செய்கிறார்கள், மாணவர்கள் என்ன கற்கிறார்கள் என்று நெருங்கிக் கவனித்தார்கள். 2007இல் அது நூலாக வந்தது. படம் வரையக் கற்றுக்கொள்வதோடு சேர்ந்து எட்டு மனப்பழக்கங்கள் அந்த வகுப்புகளில் பயிற்றுவிக்கப்படுகின்றன என்று அவர்கள் கண்டார்கள்.

கருவியைக் கையாளும் திறன் முதலாவது. வேலையில் ஆழ்ந்து, சலிப்பு வந்தாலும் விடாமல் தொடர்வது இரண்டாவது. கண்ணெதிரே இல்லாததை மனத்தில் உருவாக்கிப் பார்ப்பது, சொல்ல வந்ததை உணரும்படி வெளிப்படுத்துவது, மேலோட்டமாகப் பார்க்காமல் கூர்ந்து கவனிப்பது, தான் செய்ததைத் தானே எடைபோட்டு விளக்குவது, தெரிந்ததைத் தாண்டிப் புதிதாக முயன்று தவறுகளிலிருந்து கற்பது ஆகிய ஐந்தும் அடுத்து வருபவை. தமக்கு முன் அந்தக் கலையில் உழைத்தவர்களையும் இன்று உழைப்பவர்களையும் அறிவது எட்டாவது.

இந்தப் பட்டியலைப் பெற்றோர் நிதானமாகப் படிக்க வேண்டும். நல்ல மருத்துவருக்கு, நல்ல பொறியாளருக்கு, நல்ல ஆலிமுக்கு வேண்டாதது இதில் எது? ஒரே விடை உள்ள கேள்விகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தான் செய்த வேலையைத் தானே மதிப்பிட்டுத் திருத்தும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஓவிய வகுப்பில் அது அன்றாட வேலையாக இருக்கிறது.

1980களில் இதே குழு, பிட்ஸ்பர்க் நகரப் பொதுப் பள்ளிகளோடும் ஒரு தேர்வு நிறுவனத்தோடும் சேர்ந்து வேறொரு முயற்சியும் செய்தது. மாணவர் வரைந்து முடித்த படத்தை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாமல், முதல் கிறுக்கல், இடையில் கைவிட்டது, திருத்தியது, ஏன் திருத்தினோம் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் செய்தார்கள். பிள்ளை வந்து சேர்ந்த இடம் மட்டுமல்லாமல் வந்த வழியும் அதில் தெரிந்தது.

கலை படித்தால் மார்க் கூடுமா?

கலைக்காகப் பேசுபவர்கள் அடிக்கடி ஒரு வாதம் வைப்பார்கள்: "இசை, ஓவியம் படிக்கிற பிள்ளைகள் கணக்கிலும் அதிக மார்க் வாங்குகிறார்கள்". எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் இதைச் சோதித்தார்கள். 1950 முதல் 1999 வரை வந்த ஆய்வுகளைத் திரட்டி, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

கலை படிக்கும் மாணவர்கள் பொதுவாக நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த மதிப்பெண்ணுக்குக் கலைதான் காரணம் என்று காட்ட ஆதாரம் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் வசதியான பள்ளிகளில் உள்ள பிள்ளைகளும் கலை வகுப்புகளுக்கு அதிகமாகப் போகலாம் அல்லவா? சில இடங்களில் மட்டுமே தெளிவான காரணத் தொடர்பு கிடைத்தது. அவற்றில் ஒன்று வகுப்பறை நாடகம். படித்த கதையை நடித்துப் பார்த்த பிள்ளைகள், அந்தக் கதையை மட்டுமின்றிப் புதிதாகக் கொடுத்த பாடத்தையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இசைக்கும் இடவுணர்வுத் திறனுக்கும் இடையே ஒரு தொடர்பு இருந்தது. மற்றபடி பரவலான பலன் எதுவும் காணப்படவில்லை.

கலைக் கல்விக்காகவே உழைத்தவர்கள் தங்களுக்குச் சாதகமில்லாத இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். கலை ஆதரவாளர்கள் சிலர் கோபப்படவும் செய்தார்கள். அவர்களுக்கு ஆய்வாளர்கள் தந்த பதில் எளிமையானது: கணக்கு மார்க்குக்கு உதவும் என்று சொல்லிக் கலையைக் காப்பாற்ற முயன்றால், கணக்கு மார்க்கைக் கூட்ட வேறு வழி கிடைத்த அன்றே கலையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கலை தன்னளவில் எதைக் கற்றுத் தருகிறதோ அதற்காகவே அது பள்ளியில் இருக்க வேண்டும்.

பிறை பார்த்த ஆசிரியர்கள்

இந்தப் பள்ளியில் நெடுங்காலம் பணியாற்றிய எலினார் டக்வொர்த் என்ற பேராசிரியை, குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயிடம் பயின்றவர். ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் புகழ்பெற்றது: சந்திரனைப் பாருங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடத்தில் நின்று பார்த்தீர்கள், எந்தத் திசையில் எந்த வடிவில் இருந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்க வேண்டாம்.

பல வாரங்கள் இது நடக்கும். பிறகு வகுப்பில் உட்கார்ந்து கண்டதைப் பேசுவார்கள். பூமி, சூரியன், சந்திரன் படத்தைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள், தாங்கள் நேரில் பார்த்ததை விளக்கத் தெரியாமல் திணறுவார்கள். ஆசிரியை உடனே விடை சொல்லமாட்டார். ஒருவர் பார்த்ததை மற்றவர் பார்த்ததோடு ஒப்பிட்டு, அவர்களே மெல்ல மெல்லப் புரிந்துகொள்ள வேண்டும். நாளை தன் வகுப்பில் ஒரு குழந்தை தவறான விடை சொல்லும்போது, அந்தக் குழந்தையின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்கும் பொறுமை இந்தப் பயிற்சியிலிருந்து வருகிறது.

ரமளான் பிறைக்காகவும் பெருநாள் பிறைக்காகவும் மாடியில் ஏறி நிற்கும் சமுதாயம் நாம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் பார்த்துவிட்டு, மீதி நாட்களில் சந்திரனைக் காலண்டரிடம் விட்டுவிடுகிறோம். தலைப்பிறையை மகரிபுக்குப் பின் மேற்கே தாழ்வாகக் காணலாம், சீக்கிரமே மறைந்துவிடும். ஏழாம் நாள் அதே மகரிப் நேரத்தில் அது எங்கே இருக்கும்? உச்சியை ஒட்டிப் பாதி நிலவாக நிற்கும். பதினான்கு, பதினைந்தாம் நாளில் சூரியன் மேற்கே இறங்கும்போது அது கிழக்கே எழும். இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட, ஒரு நோட்டைக் கையில் கொடுத்து ஒரு மாதம் பார்க்கச் சொல்வது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய பாடம்!

மனிதரை எழுத்தால் வரைதல்

சாரா லாரன்ஸ் லைட்ஃபுட் என்ற கறுப்பினப் பேராசிரியை 1972இல் இந்தப் பள்ளியில் சேர்ந்தார். பள்ளிகளைப் பற்றிய ஆய்வுகள் எண்களாலும் குறைகளாலும் நிரம்பிக் கிடப்பதைப் பார்த்தவர் அவர். ஓர் ஓவியர் ஒருவரின் உருவத்தை வரைவதுபோல, ஒரு பள்ளியை, ஓர் ஆசிரியரை, ஒரு குடும்பத்தை எழுத்தில் தீட்டும் ஆய்வு முறையை உருவாக்கினார். 1983இல் சில நல்ல உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இந்த முறைக்கு முன்மாதிரியானது. எங்கே தவறு என்று மட்டும் தேடாமல், எது நன்றாக நடக்கிறது, ஏன் நடக்கிறது என்றும் பார்ப்பது அவருடைய வழி. இலக்கியத்தின் நுட்பமும் ஆய்வின் கண்டிப்பும் அதில் கலந்திருந்தன.

பெற்றோரும் ஆசிரியரும் சந்தித்துப் பேசுவதைப் பற்றியும் 2003இல் ஒரு நூல் எழுதினார். அந்தச் சந்திப்புக்குப் பெற்றோர் தனியாக வருவதில்லை. தாங்கள் சிறுவயதில் பள்ளியில் பட்ட அவமானத்தையும் பயத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள் என்று அதில் காட்டுகிறார். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் முன்னால் வாய் திறக்கத் தயங்கும் நம் தாய்மார்களுக்கு இது புரியாத விஷயமல்ல.

வளாகத்து வாழ்க்கை

1996இல் ஜெசிகா ஹாஃப்மன் டேவிஸ் என்பவரின் முயற்சியால் 'கல்வியில் கலை' என்ற முதுநிலைத் திட்டம் தனியாகத் தொடங்கியது. பின்னர் பல ஆண்டுகள் ஸ்டீவ் சைடல் அதை வழிநடத்தினார். அண்மை ஆண்டுகளில் படிப்புகள் மாற்றியமைக்கப்பட்டபோது, 'கலையும் கற்றலும்' என்ற சிறப்புப் பிரிவாக அது உருமாறியது. வேறு துறையில் முதுநிலை படிப்பவரும் கலையைத் தம் படிப்போடு இணைத்துக்கொள்ளலாம்.

ஆப்பியன் வே என்ற சிறிய தெருவை ஒட்டித்தான் இந்தப் பள்ளியின் கட்டடங்கள். கட்மன் நூலகத்தில் புத்தகங்களோடு கலைக் காட்சிக்கும் இடம் உண்டு. லாங்ஃபெலோ அரங்கில் கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் பொதுமக்கள் முன் உரையாற்றுகிறார்கள். முனைவர் பட்ட மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து ஒரு கல்வி ஆய்விதழை நடத்துகிறார்கள். பேராசிரியர்கள் அனுப்பும் கட்டுரைகளை மாணவர்கள் படித்து, விவாதித்து, ஏற்கிறார்கள் அல்லது திருப்பி அனுப்புகிறார்கள்.

ஹார்வர்டின் மற்றத் துறைகளிலும் இவர்கள் பாடம் எடுத்துக்கொள்ள முடியும். நைரோபியில் பிறந்த பேராசிரியர் அலி அசானி, இஸ்லாமியப் பண்பாடுகளை அவற்றின் கவிதை, எழுத்தணி, ஓதல், கட்டடக்கலை வழியாகக் கற்பித்து வருபவர். செய்தித்தாளில் வரும் அரசியல் வழியாக மட்டுமே முஸ்லிம்களை அறிந்த அமெரிக்க மாணவர்கள், அவருடைய வகுப்பில் கையில் பேனா எடுத்து அரபு எழுத்தணியைப் பழகிப் பார்க்கிறார்கள். உலகத் தமிழர்கள் நன்கொடை திரட்டி அமைத்த தமிழ் இருக்கையும் இதே பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

மார்க்கம் பேணும் பிள்ளைகளுக்குத் தொழுகை வசதி எப்படி என்ற கேள்வி பெற்றோருக்கு வரும். ஹார்வர்டில் முஸ்லிம் மாணவர் அமைப்பும் தொழுகைக்கான இடமும் உண்டு. கேம்பிரிட்ஜ் ஊருக்குள்ளேயே பாஸ்டன் இஸ்லாமிய சங்கத்தின் பள்ளிவாசலும் இருக்கிறது.

நம் வரம்புகளும் நம் செல்வமும்

கலை என்றதும் உருவப்படம், இசைக்கருவி ஆகியவை பற்றிய மார்க்கச் சட்டம் நினைவுக்கு வருவது இயல்பு. அதில் அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை அவரவர் தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஆனால் மேலே சொன்ன எட்டு மனப்பழக்கங்களில் ஒன்றுகூட உருவம் வரைந்தால்தான் வரும் என்பதில்லை.

அரபு எழுத்தணியையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 940இல் மறைந்த பக்தாதின் இப்னு முக்லா, எழுத்தின் அளவுகளை ஒழுங்குபடுத்தியவராக அறியப்படுகிறார். நாணல் பேனாவால் வைக்கும் ஒரு புள்ளிதான் அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி என்று எண்ணி எழுதுவார்கள். மாணவர் உஸ்தாதின் எழுத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதுவார். உஸ்தாத் அதன் மேலேயே திருத்திக் கொடுப்பார். கை தேறியதும் தன் பெயரில் எழுத 'இஜாஸா' என்னும் அனுமதி கிடைக்கும். கருவித் திறன், விடாமுயற்சி, கூர்ந்த பார்வை, தன் வேலையைத் தானே எடைபோடுதல், முன்னோரை அறிதல் எல்லாம் இதில் அடங்கிவிட்டன. தஜ்வீதோடு ஓதப் பழகும் பிள்ளையும் இதே பயிற்சியைத்தான் பெறுகிறது. நம் மக்தபுகளில் நடக்கும் இந்த வேலை 'படிப்பு' இல்லை என்று நினைத்ததால்தான், டியூஷனுக்கு நேரமாகிறது என்று முதலில் அதை நிறுத்துகிறோம்.

ஆசிரியர் கல்வியில் கைவேலைக்கு இடம் தருவதிலும் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ஜாகிர் ஹுசைன், 1937இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவின் தலைவர். கைத்தொழிலை மையமாக வைத்துப் பாடங்களைக் கற்பிப்பது அதன் சாரம். அடுத்த ஆண்டே, அவர் பொறுப்பில் இருந்த ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது.

வீட்டிலேயே செய்யக்கூடியது

புராஜெக்ட் ஜீரோ உருவாக்கிய சிந்தனைப் பயிற்சிகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அவற்றில் மிக எளிமையான ஒன்று மூன்று கேள்விகளால் ஆனது. ஒரு பொருளைக் காட்டி, முதலில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்க வேண்டும். அடுத்து, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய். கடைசியாக, இன்னும் எதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறாய்.

கீழக்கரைக்குப் போகும் குடும்பம், பழைய ஜும்ஆ பள்ளியின் கல்தூண்கள் முன்னால் பிள்ளையை நிறுத்தி இதைச் செய்து பார்க்கலாம். "பூ இருக்கு, கொடி இருக்கு, மனுஷ உருவம் இல்லை" என்று பிள்ளை சொல்லும். கோயில் தூண் மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கும். யார் செதுக்கினார்கள், ஏன் உருவம் வைக்கவில்லை என்று கேட்கும். வரலாறு, கட்டடக்கலை, மார்க்கம் மூன்றும் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடுகின்றன. வீட்டில் பாட்டியின் பெட்டியில் அரபுத்தமிழ் கிதாபு ஏதாவது இருந்தால் அதைக்கூட இப்படிப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை: பெரியவர்கள் அவசரப்பட்டு விடை சொல்லக் கூடாது.

போக விரும்புபவர்களுக்கு

கனவு காட்டிவிட்டுச் செலவைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஹார்வர்டில் இந்த ஓராண்டு முதுநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் மட்டும் 50,000 டாலருக்கு மேல். தங்கும் செலவு தனி. கல்விப் பணியில் கிடைக்கும் சம்பளத்தை வைத்து இந்தக் கடனை அடைப்பது எளிதல்ல. வட்டிக் கடனைத் தவிர்க்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடன் வட்டிக்கு மானியம் தந்த 'படோ பர்தேஷ்' திட்டத்தையும் மத்திய அரசு 2022–23இல் நிறுத்திவிட்டது. ஆகவே உதவித்தொகை உறுதியான பிறகே அடுத்த அடி வைப்பது நல்லது. விண்ணப்பத்தில் மதிப்பெண்ணோடு, நீங்கள் செய்த வேலையும் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்ற தெளிவும் பார்க்கப்படும். எனவே, பட்டம் முடித்ததும் ஓடாமல், சில ஆண்டுகள் ஒரு பள்ளியிலோ மக்தபிலோ கற்பித்த அனுபவத்தோடு போவது பயன் தரும்.

கடல் கடக்காமலும் வழிகள் உண்டு. டில்லி ஜாமியா மில்லியாவிலும் அலிகரிலும் கல்வியியல் துறைகள் இருக்கின்றன. பெங்களூரு அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுநிலை படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்து அங்கே உதவித்தொகையும் உண்டு. மைசூரில் என்.சி.இ.ஆர்.டி.யின் மண்டலக் கல்வியியல் நிறுவனம் தென் மாநிலங்களுக்கென்றே இயங்குகிறது.

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் தமிழகம் முழுவதும் இருக்கின்றன. கட்டடம் இருக்கிறது, கணினி அறை இருக்கிறது. பிள்ளையின் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்கும் ஆசிரியர்கள் அந்தப் பள்ளிகளுக்கு இன்னும் நிறைய தேவை. அவர்கள் வேறெங்கிருந்தும் வரப்போவதில்லை. இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்துவிட்டு, "எனக்கு வரலாறு பிடிக்கும், டீச்சர் ஆகணும்" என்று தயங்கித் தயங்கிச் சொல்லும் நம் பிள்ளைகளில் இருந்துதான் வர வேண்டும். அந்தப் பிள்ளையிடம், "மார்க் இருக்கும்போது ஏன் இதை எடுக்கிறே?" என்று கேட்காதீர்கள். மார்க் இருக்கும் பிள்ளை இதை எடுப்பதுதான் சமுதாயத்துக்கு நல்லது.

நம் சந்ததிகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பொறுமையோடு கற்றுத்தரும் ஆசிரியர்களையும் வல்ல அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.